பழுதுபார்ப்பவர் இல்லாத தண்டவாளம்: சென்னை டிராமின் 58 ஆண்டுகள்

(சேத்தியாத்தோப்பில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. பேசியதை ஒட்டி எழுதி அச்சுக்குத் தந்த வடிவம்.)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த நண்பர் ஒருவர் நேற்றுக் கடைத்தெருவில் என்னை நிறுத்தினார். “நம்மூருக்கு இரயிலே கிடையாது. நீ டிராமைப் பத்திப் பேசப்போறியாமே, என்னப்பா சம்பந்தம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதிலை ஒரு குழாயிலிருந்து தொடங்குகிறேன்.

இங்கே நரைத்த தலையோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தக் குழாய்கள் மறந்திருக்காது. வீராணம் ஏரித் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோக 1960களின் கடைசியில் ஒரு திட்டம் எழுந்தது. பெரிய பெரிய குழாய்கள் செய்து சாலையோரம் கொண்டுவந்து போட்டார்கள். திட்டம் பாதியில் நின்றது. குழாய்கள் பல வருடங்கள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. வீடில்லாத குடும்பங்கள் அவற்றுக்குள் பாயை விரித்துக் குடியிருந்தன. அடுப்புப் புகை குழாயின் வாய்வழியாக வரும். சிறுவனாக அதைப் பார்த்தபடி நான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். கடைசியில் 2004இல் புதிய வீராணம் திட்டம் வந்தது. சுமார் 235 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிதாகக் குழாய் பதித்தார்கள். நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுபோகும் திட்டம் அது. ஒருமுறை கைவிட்ட வேலையைத் தலைமுறை தாண்டித் திரும்பச் செய்தால் எவ்வளவு செலவு, எவ்வளவு காலம் என்பதை நம் பகுதி மக்களுக்கு யாரும் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையின் டிராம் கதையும் இந்த வகைதான். நம் தண்ணீரைக் குடிக்கிற நகரத்தின் கதை என்பதால் அதைக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

இன்னொரு காரணம் என் வாழ்க்கையிலிருந்து வருவது. நான் அரசுப் போக்குவரத்துப் பணிமனைகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். பஸ்ஸின் அடியில் படுத்துக் கிடந்தே பாதி ஆயுள் போயிற்று. அதனால் டிராமைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, அதன் அழகைவிட அதை யார் பழுதுபார்த்தார்கள், எப்போது பார்ப்பதை நிறுத்தினார்கள் என்பதிலேயே என் புத்தி போயிற்று. இன்று நான் சொல்ல வந்ததும் அதுதான்.

தொடக்கத்துக்குப் போவோம். 1895ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் அதற்கு முன் மின்சார டிராம் எங்கும் இல்லை. கல்கத்தாவில் 1873இலும் பம்பாயில் 1874இலும் டிராம் வந்துவிட்டது. ஆனால் அவை குதிரை பூட்டியவை. கல்கத்தாவில் மின்சார டிராம் வந்தது 1902இல், பம்பாயில் 1907இல். நம்மை ஆண்டவர்களின் தலைநகரான லண்டன்கூட 1901இல்தான் மின்சார டிராம் சேவையைக் கண்டது. சென்னை குதிரை டிராமின் காலத்தைக் கடக்காமல் நேரே மின்சாரத்துக்குப் போய்விட்டது. அப்போது சென்னை அந்த ஊர்கள் அளவுக்குப் பெரிய நகரமும் இல்லை. 1891 மக்கள்தொகைக் கணக்குப்படி 4,52,518 பேர். பரப்பு பெரியது, நடுவே தோப்பும் தோட்டமுமாக விரிந்து கிடந்த ஊர். அப்படிப்பட்ட ஊரில் துறைமுகத்தையும் மவுண்ட் ரோட்டையும் மயிலாப்பூரையும் வண்ணாரப்பேட்டையையும் பிணைக்க ஏதோ ஒன்று தேவைப்பட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். சென்னையில் வீடுகளுக்கு மின்சாரம் தந்த மதராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் தோன்றியது 1906இல். ஆக, வீட்டில் விளக்கெரிய மின்சாரம் வருவதற்குப் பத்து வருடத்துக்கும் முன்பே வீதியில் வண்டி இழுக்க மின்சாரம் வந்துவிட்டது. அகல் விளக்கிலும் மண்ணெண்ணெய் விளக்கிலும் இராத்திரியைக் கழித்த ஒருவர், காலையில் வாசலைத் தாண்டி வந்து மின்சாரத்தில் ஓடும் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

அந்த முதல் டிராமின் மின்சாரம் தலைக்கு மேலே கம்பியில் வரவில்லை. காலுக்கு அடியில் வந்தது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே, தரைக்குள் ஒரு கால்வாய். அதற்குள் மின்சாரம் பாயும் உலோகப் பட்டைகள். கால்வாயின் மேல்மூடியில் நீளமாக ஒரு பிளவு. வண்டியின் அடியிலிருந்து நாக்குப்போல ஒன்று அந்தப் பிளவுக்குள் இறங்கிப் பட்டைகளைத் தொட்டுக்கொண்டே போகும். வீதியில் கம்பமும் கம்பியும் இல்லாமல் பார்க்க அழகாக இருக்கும். வறண்ட ஊராக இருந்தால் அது நன்றாகவே ஓடும்.

சென்னையில் ஐப்பசி, கார்த்திகை என்று இரண்டு மாதம் உண்டு. வடகிழக்குப் பருவமழை பெய்தால் தெருவில் ஓடுகிற தண்ணீர் முதலில் எங்கே போகும்? திறந்து கிடக்கும் பிளவுக்குள்தான். சேறு, மணல், மாட்டுச் சாணம், குப்பை எல்லாம் அதோடு சேர்ந்து போகும். மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நெய்வேலியை அடுத்து வாழ்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சில வருடங்களிலேயே அந்த முறையைக் கைவிட்டு, கம்பம் நட்டுத் தலைக்கு மேலே கம்பி இழுத்தார்கள். மின்சாரம் மேல்கம்பியில் வரும், வண்டியின் மோட்டாரைச் சுற்றிவிட்டுத் தண்டவாளம் வழியாகத் திரும்பும். கம்பியிலிருந்து கம்பத்துக்கு மின்சாரம் கசியாமல் இருக்க நடுவே பீங்கான் வேண்டும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் படிக்கிற பிள்ளைகள் இங்கே நாலைந்து பேர் வந்திருக்கிறீர்கள். மண்ணைச் சுட்டால் மழையிலும் மின்சாரத்தை மறித்து நிற்கும் என்கிற உங்கள் பாடத்தின் மேல்தான் உலகத்து மேல்கம்பி டிராம்கள் ஓடின.

இந்த இடத்தில் இங்கிலாந்தில் உள்ள ஒரு சின்ன ஊரைச் சொல்லியாக வேண்டும். பிளாக்பூல் என்று பெயர், கடற்கரை ஊர். அங்கே 1885இல், சென்னைக்குப் பத்து வருடம் முன்பு, இதே தரைக்கால்வாய் முறையில் டிராம் விட்டார்கள். நமக்கு மழை செய்ததை அங்கே கடல் செய்தது. அலைத் தண்ணீரும் மணலும் உள்ளே புகுந்து மின்சாரம் அடிக்கடி அறுந்தது. 1899இல் அவர்களும் மேல்கம்பிக்கு மாறினார்கள். நோயும் ஒன்று, மருந்தும் ஒன்று. ஆனால் பிளாக்பூல் டிராம் இன்றைக்கும் ஓடுகிறது. சென்னை டிராம் நின்று எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டுக்கும் நடுவே என்ன வேறுபாடு என்று தேடிப் போனால் 1892 என்ற வருடம் கிடைக்கிறது. அந்த வருடம் பிளாக்பூல் நகராட்சி, குத்தகை முடிந்த கம்பெனியின் கையிலிருந்து டிராமைத் தானே எடுத்துக்கொண்டது.

சென்னையில் டிராம் கடைசிவரை கம்பெனியின் கையிலேயே இருந்தது. முதல் கம்பெனியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தரைக்கால்வாய்க்கு ஒரு தடவை, அதைக் கைவிட்டு மேல்கம்பிக்கு ஒரு தடவை என்று இரண்டு முறை முதல் போட்ட எந்த வியாபாரமும் மூச்சு வாங்கத்தான் செய்யும். பிறகு வந்த கம்பெனியின் பெயரிலேயே வருடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: மதராஸ் எலக்ட்ரிக் டிராம்வேஸ் (1904) லிமிடெட். இந்தக் கம்பெனியின் கையில்தான் டிராம் நிமிர்ந்தது. 1921இல் 24 கிலோமீட்டர் தண்டவாளத்தில் 97 வண்டிகள் ஓடின. அதுதான் உச்சம்.

97 வண்டிகளை 24 கிலோமீட்டரில் பரப்பிப் பாருங்கள். கிலோமீட்டருக்கு நான்கு. எந்த நிறுத்தத்தில் நின்றாலும் வண்டி வந்துகொண்டே இருந்திருக்கும். நேர அட்டவணை பார்க்காமல் ஏறும்படி இருக்கிற சேவையே நல்ல சேவை என்று எங்கள் தொழிலில் சொல்வோம். நம்மூரிலிருந்து காட்டுமன்னார்கோயில் போக ஒரு மணி நேரம் காத்து நின்றவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

அந்த டிராமில் ஏறியவர் என் குடும்பத்தில் ஒருவர் உண்டு. என் தாய்மாமன். அவருக்கு எட்டு வயதிருக்கும்போது, கண் வைத்தியத்துக்காக என் தாத்தா அவரை விருத்தாசலத்தில் இரயில் ஏற்றிச் சென்னைக்குக் கூட்டிப்போனார். எழும்பூரில் இறங்கி, வெளியே நடந்து, டிராம் ஏறியிருக்கிறார்கள். ஒரு கண்ணில் துணி கட்டிய பையன், மறு கண்ணால் பார்த்ததை இன்றைக்கும் சொல்வார்: “மாடும் இல்ல, புகையும் இல்ல, ஆனா ஓடுதுடா. டிரைவர் நின்னுக்கிட்டே ஓட்டுறார். காலால மிதிச்சார்னா டங்கு டங்குனு மணி.” அந்த மணியை அவர் நாக்காலேயே அடித்துக் காட்டுவார். வண்டி கடைசி நிறுத்தத்துக்குப் போனதும் திருப்பவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய ஆச்சரியம். கம்பியைத் தொடும் கழியை மட்டும் கயிற்றைப் பிடித்து மறுபக்கம் மாற்றிவிட்டு, டிரைவர் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு அந்தக் கோடிக்கு நடந்துபோய் நின்றுகொண்டாராம். வால் இருந்த பக்கம் தலை ஆகிவிட்டது என்பார் மாமா.

டிராமில் ஏறியவர்களைப் போலவே டிராமை ஓட்டியவர்களும் வரலாற்றில் இருக்கிறார்கள். 1918 ஏப்ரல் 27இல் பெரம்பூர்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா தலைவர், திரு. வி. க. அதன் தூண்களில் ஒருவர். அதைத் தொடர்ந்து சங்கம் கண்ட முதல் தொழிலாளர்களில் டிராம் தொழிலாளர்களும் உண்டு. அண்டை நாட்டுக் கொழும்பில் 1929 சனவரியில் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் டிராம் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் துப்பாக்கிச் சூடுவரை போயிற்று. நாள் முழுக்க நின்றபடி, வெயிலும் சாரலும் முகத்தில் அடிக்க, ஒரு கை கட்டுப்பாட்டுப் பிடியிலும் ஒரு கை பிரேக்கிலுமாக வண்டி ஓட்டியவர்கள் டிராம் ஓட்டுநர்கள். ஓட்டுநருக்கு உட்கார இருக்கை என்பது பின்னால் வந்த வசதி. இதைச் சொல்லாமல் டிராமின் அழகை மட்டும் பேசினால் அது பாதிக் கதை.

இனி வீழ்ச்சி. வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: பஸ் வந்தது, டிராம் பழசாயிற்று, போயிற்று. நான் பஸ்காரன். பஸ்ஸின் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். டிராமால் தண்டவாளத்தை விட்டு ஓர் அடி விலக முடியாது. முன்னால் ஒன்று நின்றால் பின்னால் பத்து நிற்கும். தண்டவாளம் நடுவீதியில் இருந்ததால், ஏறவும் இறங்கவும் மக்கள் நடுவீதிக்கு வர வேண்டும். கார்கள் பெருகப் பெருக அது ஆபத்தாயிற்று. இவை மெய்யான குறைகள். ஊர் எந்தப் பக்கம் வளர்ந்தாலும் பஸ் மறுநாளே அங்கே போய் நிற்கும். 1921இல் 5,26,911ஆக இருந்த சென்னை மக்கள்தொகை 1951இல் 14,16,056. நகர எல்லையும் 1946இல் விரிந்தது. டிராமோ 1921இன் உச்சத்தை மறுபடி தொடவே இல்லை.

ஆனால் அந்த 24 கிலோமீட்டருக்குள் கூட்டம் குறைந்ததா என்று கேட்டுப் பாருங்கள். பாரிமுனையிலும் மவுண்ட் ரோட்டிலும் ஆள் நடமாட்டம் எந்தக் காலத்திலும் குறையவில்லை. பயணிகள் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, பஸ்களின் முதுகில் கரியடுப்பைக் கட்டி ஓட்டிய நாட்களில், பெட்ரோல் கேட்காமல் ஓடியது டிராம்தான். வண்டியும் தண்டவாளமும் தேய்ந்தன. தேய்ந்ததை மாற்ற முதல் வேண்டும். அந்த முதலை யார் போடுவது?

பிரிட்டனில் 1870இல் வந்த டிராம்வே சட்டத்தைப் படித்தபோது எனக்குப் பல விஷயங்கள் விளங்கின. நம் நாட்டின் 1886ஆம் வருடச் சட்டம் அதை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்தது. பிரிட்டன் சட்டப்படி, தண்டவாளங்களுக்கு நடுவிலும், வெளிப்புறம் 18 அங்குலம் வரையிலும் சாலையைக் கம்பெனிதான் பராமரிக்க வேண்டும். அதாவது டிராம் ஓடும் சாலையின் ஒரு பகுதிக்குச் செலவு டிராமின் தலையில். அதே சாலையில் ஓடுகிற பஸ்ஸும் காரும் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டுப் போகும். இன்னொரு விதி: 21 வருடம் கழிந்ததும் நகராட்சி விரும்பினால் டிராமை வாங்கிக்கொள்ளலாம், இருக்கிற சாமானுக்கு மட்டும் விலை, நாளைய வருமானத்துக்கு விலை கிடையாது. பொது நன்மைக்காக எழுதிய விதிதான். ஆனால் எந்தக் கம்பெனிக்காரன் பதினைந்தாவது வருடத்தில் புதுத் தண்டவாளம் போடுவான்? குத்தகை முடியப்போகிற நிலத்துக்கு யார் எரு அடிப்பார்? அங்கே வாங்கத் துணிந்த நகராட்சிகளின் டிராம் தழைத்தது. வாங்கவும் மாட்டோம், விடவும் மாட்டோம் என்று இருந்த ஊர்களில் டிராம் தேய்ந்துகொண்டே போயிற்று.

அந்தத் தேய்வு எப்படி நடக்கும் என்பதை நான் கண்ணால் கண்டவன். நான் வேலை பார்த்த பணிமனை ஒன்றில் ஒரு வண்டியின் கூரை ஒழுகியது. தகடு மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் பார்க்கலாம் என்றார்கள். அந்த ஐப்பசியில் பயணிகள் பஸ்ஸுக்குள் குடை பிடித்து உட்கார்ந்து வந்தார்கள். அடுத்த மாதம் அந்த வண்டிக்குப் பதிலாகத் தனியார் வண்டிக்குக் காத்திருந்து ஏறினார்கள். கலெக்ஷன் குறைந்தது. கலெக்ஷன் குறைந்த வழித்தடம் என்று சொல்லி இரண்டு டிரிப்பை வெட்டினார்கள். டிரிப் குறைந்ததும் கூட்டம் இன்னும் குறைந்தது. கடைசியில் “அந்த ரூட்டுக்கு ஆளே இல்லை” என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடினார்கள். நான் எழுதிக் கேட்டது ஒரு தகடு. இன்றைக்கும் மழை பெய்யும் இரவுகளில் அந்த வண்டி எனக்கு நினைவுக்கு வரும்.

சென்னை டிராமுக்கு நடந்ததும் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1950 வாக்கில் கம்பெனி நொடித்துவிட்டது. 1953 ஏப்ரல் 12இல் டிராம் நின்றது.

டிராம் நிற்பதற்கு முந்தைய ஆறேழு வருடங்களில் அரசாங்கம் என்னென்ன எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். 1947இல் மதராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷனை அரசே எடுத்துக்கொண்டது. மின்சாரம் பொதுச் சொத்தாயிற்று. பத்து வருடத்தில், 1957இல், மின்சார வாரியம் பிறந்தது. மின்சாரக் கம்பெனியை எடுத்த அதே காலத்தில் சென்னை நகரப் பஸ்களையும் அரசே ஓட்டத் தொடங்கியது. அந்த விதையிலிருந்து 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது, 1975இல் நம் பக்கத்துக்கு விழுப்புரத்தைத் தலைமையிடமாக வைத்துத் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் வந்தது. மின்சாரம் மக்களுக்கு வேண்டும் என்று எடுத்தார்கள். பஸ் மக்களுக்கு வேண்டும் என்று எடுத்தார்கள். மின்சாரத்தில் ஓடுகிற பொது வண்டி இரண்டுக்கும் நடுவில் நின்றது. அதை எடுக்கக் கை நீளவில்லை. எடுத்திருந்தால், மின்சாரமும் வண்டியும் தண்டவாளமும் ஒரே வீட்டில் இருந்திருக்கும். இது அன்றைய ஆட்சியாளர்கள் செய்த பெரிய பிழை என்பது என் தீர்ப்பு.

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அது சாதாரண வருடம் இல்லை. 1952 டிசம்பர் 15இல் பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திரம் கேட்டுச் சென்னையில் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். 1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் பிரிந்தது. நடுவில் இருந்த மாதங்கள் முழுக்கச் சென்னை நகரம் யாருக்கு என்ற வழக்கு. முதலமைச்சராக இருந்த இராஜாஜிக்கு அந்தத் தலைவலி ஒரு பக்கம், உணவுப் பிரச்சினை ஒரு பக்கம். நகரம் நம் கையை விட்டுப் போகாமல் காப்பதில் எல்லோரும் கவனமாக இருந்த நாட்களில், நகரத்துக்குள்ளே இருந்த ஒன்று கையை விட்டுப் போயிற்று.

அதே 1953, மூன்றே மாதம் கழித்து, சூலையில் கல்கத்தாவில் என்ன நடந்தது தெரியுமா? டிராம் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் ஒரே ஒரு பைசா ஏற்றியது. ஊரே திரண்டது. மக்கள் பழைய கட்டணத்தைத்தான் கொடுப்போம் என்று நீட்டினார்கள், பிறகு ஏறாமலே புறக்கணித்தார்கள், கடையடைப்பு, தடியடி, சிறை என்று மாதம் முழுவதும் கொந்தளித்தது. ஏற்றிய கட்டணத்தை இறக்கிய பிறகே அடங்கியது. டிராம் தங்களுடையது என்று கல்கத்தாக்காரர்கள் நினைத்தார்கள். அதனால் ஒரு பைசாவுக்குச் சண்டை போட்டார்கள். நம்மவர்கள் கடைசி வண்டி ஷெட்டுக்குப் போவதைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்கு நகர்ந்துகொண்டார்கள்.

அரசோ நகராட்சியோ எடுத்துக்கொண்டால் மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. பம்பாய் மாநகராட்சி 1947இல் டிராமை எடுத்தது. 1964 மார்ச் 31இல் நிறுத்தியது. கொழும்பு மாநகரசபை 1944இல் எடுத்தது, 1960இல் நிறுத்தியது. கல்கத்தாவில் அரசே உடைமையாளர் ஆகி அரை நூற்றாண்டு ஓட்டியது. வழித்தடங்கள் ஒவ்வொன்றாக அடைபட்டு, மைதான் என்னும் பெருந்திடலை ஒட்டிய ஒரு தடத்தை மட்டும் நினைவுச் சின்னம்போல வைத்துக்கொள்வதாக 2024இல் அறிவிக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. நாசிக்கிலும் கான்பூரிலும் 1933க்குள்ளேயே கதை முடிந்தது. உடைமை மாறினாலும் ஒழுகும் கூரைக்குத் தகடு வாங்க மனம் இல்லையென்றால் பலன் ஒன்றே. பிளாக்பூல்காரர்கள் 1892இல் எடுத்ததோடு நிற்கவில்லை. தண்டவாளத்தையும் வண்டியையும் காலத்துக்குக் காலம் மாற்றிக்கொண்டே வந்தார்கள். 2012இல்கூட வழித்தடம் முழுவதையும் புதுப்பித்துப் புது வண்டிகள் விட்டார்கள்.

சென்னையில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், சில இடங்களில் தாரைப் போட்டு மூடினார்கள். கம்பங்களும் கம்பிகளும் போயின. மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆயிற்று. அந்தச் சாலையின் வழியாக வண்ணாரப்பேட்டைவரை மின்சாரத்தில் ஓடும் பொது வண்டி மறுபடி எப்போது வந்தது? 2019 பிப்ரவரி 10இல். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். முதல் வண்ணாரப்பேட்டைவரை சுரங்க மெட்ரோ திறந்த நாள் அது. ஏறத்தாழ 66 வருட இடைவெளி. தடத்தைப் பாருங்கள்: அண்ணா சாலை, சென்ட்ரல், வண்ணாரப்பேட்டை. டிராம் கம்பெனிக்காரன் 1890களில் கோடு போட்ட அதே திசைதான். கூட்டம் எங்கே போக விரும்புகிறது என்பது நூற்றிருபது வருடத்தில் மாறவில்லை. தரைக்கு மேல் இருந்ததைப் பெயர்த்துவிட்டு, தரைக்கு அடியில் பாறையைக் குடைந்து போட்டிருக்கிறோம். இப்போது நடக்கும் மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு ஐந்நூறு கோடிக்கு மேல். மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேண்டும். மெட்ரோவும் டிராமும் ஒன்று என்றும் சொல்லவில்லை. மெட்ரோவின் வேகமும் கொள்ளளவும் வேறு. ஆனால் உலகத்தில் பல நகரங்களில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. நமக்கு அந்த வழி 1953இல் அடைபட்டது.

இதை நம்மூரில் நின்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சேத்தியாத்தோப்பு நாற்சந்தி ஊர். சென்னை – கும்பகோணம் சாலையும் சிதம்பரம் – விருத்தாசலம் சாலையும் இங்கே வெட்டிக்கொள்கின்றன. இரயில் பிடிக்கச் சிதம்பரமோ விருத்தாசலமோ போக வேண்டும். நமக்கு எல்லாமே பஸ்தான். சர்க்கரை ஆலைக்கு வேலைக்குப் போகிறவருக்கும், கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கும், கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணிக்கும் பஸ்தான். 2021 மே மாதத்திலிருந்து பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாமல் போகிறார்கள். அந்தச் செலவை அரசு ஏற்கிறது. போக்குவரத்து இலாபக் கணக்கில் அடங்காத ஒன்று என்று ஓர் அரசு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட நல்ல காரியம் அது. அந்தப் பேருந்தின் கூரை ஒழுகாமல் இருப்பதும் அதே காரியத்தின் மறுபாதி. உங்கள் கிராமத்துக்கு வரும் ஒரு டிரிப் சொல்லாமல் கொள்ளாமல் நின்றால் மறுநாளே கேளுங்கள். “ஆளே இல்லை” என்று கோப்பில் எழுதும் முன் கேளுங்கள். எழுதிய பிறகு அதை மாற்றுவது எவ்வளவு கடினம் என்று அந்தப் பக்கம் இருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

இன்னொரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். சென்னை டிராமில் ஏறியவர்களில் இன்று உயிரோடு இருக்கும் மிக இளையவருக்கும் எழுபது வயது தாண்டிவிட்டது. என் மாமாவுக்கு எண்பதுக்கு மேல். இந்தப் பகுதியிலிருந்து கண் வைத்தியத்துக்கும், கோர்ட்டு வழக்குக்கும், சினிமா பார்க்கவும், நெல் வியாபாரத்துக்கும் சென்னைக்குப் போய் டிராம் ஏறியவர்கள் உங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கலாம். மாணவர்களே, இந்த வாரமே அவர்களிடம் போய் உட்காருங்கள். எந்த வருடம், எங்கே ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள், எத்தனை அணா கொடுத்தார்கள், யாரோடு போனார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். செல்போனில் குரலையும் பதிவு செய்யுங்கள். பழைய பெட்டியில் ஒரு டிராம் சீட்டு கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் இந்த அறக்கட்டளையிடம் கொண்டுவந்து கொடுங்கள். வந்தவற்றைத் தொகுத்து அடுத்த ஆண்டு சொற்பொழிவு நாளில் நூலாக வெளியிட அறக்கட்டளைக் குடும்பத்தார் இசைந்திருக்கிறார்கள். முதல் பதிவாக என் மாமாவின் குரலை இன்று அவர்களிடம் கொடுத்துவிட்டேன்.